தலைகீழ்ப் பலகையும் சில முதுகுகளும்

அடுத்தவன் வலியை அவன் வாயால் கேட்டு டாக்டரிடம் எடுத்துச் சொல்வது கம்பவுண்டர் வேலையில் பாதி; மீதிப் பாதி மாத்திரை எண்ணிக் கொடுப்பது. மாத்திரையில் நான் தப்பு செய்ததில்லை. மற்றதைப் பற்றித்தான், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும், யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

குவைத்தில், ஃபஹாஹீல் டவுனுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்ப் கிளினிக்கில் எனக்கு வேலை. வருகிறவர்களில் பாதிப்பேர் நம் ஊர்க்காரர்கள். டாக்டர் எகிப்துக்காரர், அவருக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நான். இதைப் படிக்கிறவர்களில் முதுகுவலிக்காரர்கள் கட்டாயம் இருப்பீர்கள். செருப்பை மாட்டக் குனிவதற்கு முன்னால் ஒரு கணம் தயங்குகிறவர்கள், தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறவர்கள். நானும் உங்கள் கூட்டம்தான். ஆகவே உங்களிடம் சொல்லலாம்.

பலகை வந்தது

கேம்ப்பில் முதுகுவலி ஜலதோஷம் மாதிரி. கம்பி வளைக்கிறவன், சிமெண்ட் மூட்டை தூக்குகிறவன், ஜாக்ஹாமர் பிடிக்கிறவன், எல்லோரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டே வருவார்கள். களிம்பு கொடுத்துக் கொடுத்து டாக்டருக்கும் அலுத்துவிட்டது. ஏதோ வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையில், ஆளைப் பலகையில் படுக்கவைத்துக் கணுக்காலைக் கட்டித் தலைகீழாகச் சாய்த்தால் முதுகெலும்பு இடைவிட்டு வலி குறையும் என்று படித்தார். படத்தைக் காட்டி, கம்பெனி ஒர்க்‌ஷாப்பிலேயே ஒன்று செய்யச் சொன்னார். இரும்புக் குழாயில் சட்டம், நடுவில் அச்சு, அதன்மேல் பிளைவுட் பலகை, காலுக்குத் தோல் பட்டையும் பக்கிளும். ஊஞ்சலுக்கும் பாடைக்கும் இடைப்பட்ட ஒரு சாமான்.

முதலில் யாரும் ஏற மாட்டேன் என்றார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து கிரேன் ஆபரேட்டர் செல்வம்தான் துணிந்து படுத்தான். நான் காலைக் கட்டினேன். டாக்டர் பலகையைச் சாய்த்ததும் அவன் சட்டைப்பையிலிருந்து சீப்பு, சிகரெட் பெட்டி, சில்லறை எல்லாம் முகத்தில் கொட்டின. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. தொங்கியபடியே என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஊர்ல கோழிய இப்பிடித்தான் காலக் கட்டித் தூக்கிட்டுப் போவாங்கண்ணே. வளக்கவா, கறிக்கான்னு அதுக்குத் தெரியாது."

கேள்வி ஒன்று, பதில் இரண்டு

டாக்டருக்கு ஒரு வழக்கம். ஆள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கேட்பார்: "வலி இருக்கிறதா?" தொங்கும்போது யாருக்கும் வலி தெரியாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்தச் சில நிமிஷம் சொர்க்கம். இடுப்பில் ஏறி உட்கார்ந்திருந்த எவனோ இறங்கிப் போன மாதிரி இருக்கும். "மாஃபி", இல்லை, என்பான் தொங்குகிறவன். "ஃபிட்" என்று எழுதுவார் இவர். பலகை நேராக வந்து, கால் தரையில் பட்டதும் எவன் இறங்கினானோ அவன் திரும்ப ஏறிக்கொள்வான். அதற்குள் அடுத்த ஆள் படுத்திருப்பான்.

கொஞ்ச நாளில் ஆபீஸிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. பலகையில் போட்டும் சரியாகாத முதுகு கம்பெனிக்கு வேண்டாம், டிக்கெட் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று. அன்றோடு அந்த அறையில் உண்மை பேசுவது நின்றுபோனது. வேலையில் இருக்க வேண்டியவன் வலித்தாலும் இல்லை என்றான். ஊருக்குப் போக வேண்டியவன் வலிக்காவிட்டாலும் துடித்தான். சேலத்துக் கொத்தனார் ஒருவர். மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்டுக் கிடைக்காதவர். அவரை வாராவாரம் தொங்கவிட்டோம். ஒருநாள் டாக்டர் வெளியே போயிருந்தபோது, "நிஜமாகவே வலிக்கிறதா?" என்று மெல்லக் கேட்டேன். கட்டை அவிழ்க்கச் சொல்லி எழுந்து உட்கார்ந்தார். "வலிக்குதுன்னா ஊரு, வலிக்கலன்னா சைட்டு. இதுல எது நெசம்னு எனக்கே மறந்துபோச்சுங்க" என்றார்.

இன்ஜினியர் முதுகு

கம்பெனியில் இன்ஜினியராக இருந்த மெட்ராஸ்காரர் ஒருவருக்கும் முதுகுவலி. ஃபஹாஹீலில் குடும்பத்தோடு இருந்தார். ஜீப்பில் சைட் சைட்டாகச் சுற்றியதில் வந்தது. அவருக்காகப் பலகைமேல் மெத்தை விரித்தோம், பக்கிளுக்கு அடியில் துணி சுற்றினோம். கூட வந்த மனைவி நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எழுந்து ஓட முடியாம இவர் கெடைக்கறது இங்கதான். பத்து நிமிஷம் சேர்த்தே விடுங்கோ, வீட்டு விஷயமெல்லாம் பேசி முடிச்சுடறேன்" என்றார். இன்ஜினியரும் தொங்கியபடியே சிரித்தார். நல்ல மனிதர்தான். சரியாகாததால் ஒரு மாதம் லீவில் மெட்ராஸ் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்தார். வேலை அப்படியே இருந்தது.

பலகையில் தொங்கிய அன்று இன்ஜினியர் வெளியே வரும்போது, பெஞ்சில் கருப்பையா உட்கார்ந்திருந்தான். ராமநாதபுரம் பக்கத்து ஆள். இவருடைய சைட்டில் கம்பி கட்டுகிறவன். இவரைப் பார்த்ததும் சடக்கென்று எழுந்து நேராக நின்றான். எழுந்த வேகத்தில் அவன் உதடு வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். "என்னய்யா, உனக்குமா?" என்று கேட்டார். "தலவலி சார், மாத்திர வாங்க வந்தேன்" என்றான். இன்ஜினியர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பிச் சொன்னார்: "பாருங்க, இவங்களுக்கெல்லாம் முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. குடுத்துவச்சவங்க."

வெள்ளிக்கிழமை வைத்தியம்

அவர் போனதும் கருப்பையா என் கையைப் பிடித்துக்கொண்டான். வலி இடுப்பிலிருந்து இடது காலுக்கு இறங்கி மாதக்கணக்காகிறது என்றான். டாக்டருக்குத் தெரியாமல் பலகையில் போட முடியுமா என்று கேட்டான். வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு விடுமுறை, சாவி என்னிடம். வரச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு வெள்ளி மத்தியானமும் அவனை நான் தொங்கவிடுவேன், என்னை அவன் தொங்கவிடுவான். என் முதுகு விஷயமும் டாக்டருக்குத் தெரியாது. கம்பவுண்டருக்கும் அந்த உத்தரவு உண்டல்லவா?

தொங்கும்போதுதான் அவன் பேசுவான். தம்பி காசியைக் கூட்டிவரப்போவதைச் சொல்வான். ஊரில் அடிதடிக் கேஸில் பேர் அடிபட்ட பையன். அங்கேயே இருந்தால் ஒருநாள் வெட்டுவான், இல்லை வெட்டுப்படுவான் என்பது இவன் பயம். அடுத்த பேட்ச்சில் எடுத்துக்கொள்வதாக இன்ஜினியர் சொல்லியிருந்தார். "நான் அன்ஃபிட்டுன்னு திரும்பிப்போனா, அந்த வீட்டுலேருந்து இன்னொருத்தன எடுப்பாங்களாண்ணே? அவன் வந்து எறங்கட்டும். அப்புறம் என்னைய வச்சு அடுப்புக்கூட எரிங்க."

ஒரு வெள்ளிக்கிழமை பலகையை நேராக்கிப் பட்டையை அவிழ்த்தபோது என் விரல் நனைந்தது. பக்கிளின் முள் அவன் இடது கணுக்காலில் நன்றாக இறங்கியிருந்தது. ரத்தம் முழங்கால்வரை கோடாக வழிந்திருந்தது. இவ்வளவு நேரம் அவன் தம்பிக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். "வலிக்கலையா?" என்றேன். அவன் குனிந்து ரத்தத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "அது என் காலே இல்லன்னு நெனச்சுக்குங்கண்ணே. பாத்தத மறந்துருங்க."

ஊசி

மறக்கத்தான் நினைத்தேன். மறுநாள் காலை, சைட் லாரியில் ஆட்கள் ஏறுவதை கிளினிக் வாசலிலிருந்து பார்த்தேன். கருப்பையா வலது காலை வைத்து ஏறினான். இடது காலைப் பேண்ட் துணியோடு கையால் பிடித்துத் தூக்கி, ஒரு சாமானை எடுத்து வைக்கிற மாதிரி உள்ளே வைத்துக்கொண்டான். அந்தக் காலோடு அவன் சாரத்தில் ஏறுவான். கீழே நாலு பேர் நிற்பார்கள். நேராகப் போய் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவன் காலுக்காகச் சொன்னேனா, அவன் விழுந்தால் வெள்ளிக்கிழமை சங்கதி வெளியே வரும் என்று சொன்னேனா? இரண்டும் இருந்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இன்னும் முடியவில்லை.

டாக்டர் அவனைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். உள்ளங்காலில் ஊசியால் குத்தும்போது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் தமிழில் சொன்னேன். கருப்பையாவுக்கு உடனே புரிந்துவிட்டது. இத்தனை நாள் இல்லை என்று சொல்லித் தப்பித்த கேள்விக்கு, இன்று ஆமாம் என்றால்தான் தப்பிக்கலாம். டாக்டர் குத்தினார். கட்டைவிரல் ஓரம் ரத்தம் ஒரு பொட்டாக எழும்பியது. அவன் சும்மா கிடந்தான். டாக்டர் ஊசியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஊசி காற்றில் நின்றது. அப்போதுதான் கருப்பையா, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "வலிக்குது, வலிக்குது" என்றான். என்ன சொல்கிறான் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அதுதான் என் வேலை. "கலாஸ்" என்றார், முடிந்தது என்று.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, இன்னும் கொஞ்ச நாள் பாரம் தூக்கியிருந்தால் இரண்டு காலும் போயிருக்கும் என்றார்கள். இனியாவது ஓய்வில் இருந்தால் நடமாட்டம் மிஞ்சலாமாம். கம்பெனி டிக்கெட் போட்டது. ஏர்போர்ட் வேன் வந்த அன்று, அவன் பெட்டியை நான்தான் தூக்கிவந்தேன். அவன் என்னைத் திட்டவில்லை, சண்டை போடவில்லை. வேனில் ஏறி, இடது காலைக் கையால் எடுத்து வைத்துக்கொண்டு, கதவை நான் சாத்தும் நேரத்தில் கேட்டான்: "எனக்குக் காலு மரத்துச்சுண்ணே. ஒங்களுக்கு எது மரத்துச்சு?"

காசி

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் நான் கிளினிக்கைத் திறக்கவில்லை. கட்டிவிட ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த பேட்ச் வந்து இறங்கியபோது, மருத்துவப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றவர்களில் ஒருவன் கருப்பையாவின் நெற்றியோடு நின்றான். பெயர் கேட்டேன். காசி என்றான். ஆபீஸில் எதுவும் கேட்டார்களா, அண்ணன் யார் என்று யாராவது விசாரித்தார்களா என்றேன். ஒருவரும் கேட்கவில்லை என்றான். பேர் இருந்தது, பாஸ்போர்ட் இருந்தது, யல்லா, கிளம்பு என்று வண்டியில் ஏற்றிவிட்டார்களாம். எந்த வீட்டிலிருந்து யார் வருகிறார்கள் என்று பார்க்கிற அக்கறை அவர்களுக்கு எப்போதுமே இருந்ததில்லை. காலைப் பணயம் வைத்துக் கருப்பையா காத்த ரகசியத்தை வாங்க அங்கே ஆளே கிடையாது.

டாக்டர் அடுத்த அறையில் இருந்தார். நாடி பார்க்கிற சாக்கில் காசியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்க வாய் வரவில்லை. நடக்கிறாரா என்று மட்டும் கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். நான் யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. "நடக்குறாரு. ஒரு கம்ப ஊணிக்கிட்டு தெருக்கோடி வரைக்கும் போய்ட்டு வர்றாரு" என்றான். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னான்: "ஒங்களத் திட்டிக்கிட்டேதான் நடக்குறாரு."

ஆகவே, முதுகுவலிக்காரர்களே, தலைகீழாகத் தொங்கினால் கொஞ்ச நேரம் வலி குறைவது உண்மைதான்; காலைக் கட்டிவிட யார் வேண்டுமானாலும் போதும், அவிழ்த்துவிட மட்டும் உங்கள்மேல் கோபமில்லாத ஆளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.