சாவடி மறையும்வரை

திருப்பதிக்கு வெளியே, அணைக்கரையைத் தாண்டிக் காட்டுக்குள் போகும் சரளைப் பாதையில் ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டுவேன். போன மாதம் வனச் சாவடியில் இறங்கி நின்று அம்மாவோடு போனில் பேசினேன். அங்கே செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்ற சந்தேகத்தில் மூன்று தமிழ்க் கூலியாட்களை உட்கார வைத்திருந்தார்கள். என் பேச்சைக் கேட்டு ஒருவர் எழுந்தார்.

"அண்ணா, கல்யாணச் சமையலுக்குப் போய்க்கினு இருந்தோம். இவங்களுக்குத் தெலுங்குல எடுத்துச் சொல்லுங்கண்ணா."

தெலுங்கு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அறைக்குள்ளிருந்து வந்த காவலர், என்ன சொல்கிறான் என்று தெலுங்கில் கேட்டார்.

"எனக்குத் தமிழ் வராது சார்" என்றேன், தெலுங்கில்.

அந்த ஆள் திரும்ப உட்கார்ந்துகொண்டார். காவலர் எனக்காகத் தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார்.

வழியில் அம்மா மறுபடி அழைத்தாள். சாவடி மறையும்வரை நான் எடுக்கவில்லை. எடுத்தால் தமிழில்தானே பேச வேண்டும்.