கடைக்குட்டிக்குப் போட்ட கோழித் துண்டு

துபாயில் உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைப்பது என் டூட்டி. மொட்டை மாடியிலிருந்து கம்பியில் தொங்கும் கூண்டில் நானும் கூட்டாளியும் நின்றபடி இறங்கித் துடைப்போம். அந்த வருடம் ஒரு கட்டடத்தின் கடல் பக்கத்தில், கைப்பிடிச் சுவருக்கு ஓர் ஆள் உயரம் கீழே இருந்த விளிம்பில், வல்லூறு ஒன்று மூன்று குஞ்சு பொரித்திருந்தது.

கூண்டு இறங்கினால் குஞ்சுகள் மிரண்டு குதித்துவிடும். அதனால் மற்ற மூன்று பக்கத்தையும் இரண்டிரண்டு தடவை துடைத்து நாளைக் கடத்தினோம். மலையாளி சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். கடைசியில் அவருக்கே மேலிடத்து நெருக்கடி வந்தது. வியாழக்கிழமை கடல் பக்கம் கட்டாயம் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அதற்குள் இரண்டு பறந்துவிட்டன. கடைக்குட்டி மட்டும் விளிம்பை விடாமல் கத்திக்கொண்டே இருந்தது. தாய் காலில் புறாவை இடுக்கி வரும். குஞ்சின் கண்ணெதிரே வட்டமடிக்கும். பிறகு எதிர்க் கட்டடத்தில் உட்கார்ந்து தானே தின்னும். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்றதைப் பட்டினி போடுகிற நீயும் ஒரு தாயா என்று வாய்விட்டே திட்டினேன். என் சாப்பாட்டு டப்பாவிலிருந்த கோழித் துண்டை மசாலா போகக் குழாயில் அலசி, மேலிருந்து போட்டேன். தாய் என் ஹெல்மெட்டை உரசிக்கொண்டு பறந்தது. குஞ்சு தின்றது. நான்கு நாள் எனக்கு வெறும் குழம்புச் சோறு. அதில் ஒரு பெருமை வேறு.

செவ்வாய்க்கிழமை போனில் மனைவியிடம் இதைப் பீற்றிக்கொண்டேன். 

"பசிச்சா பறந்து வரட்டும்னுதானே தாய் காட்டிக் காட்டிப் போகுது? குஞ்சு இருந்த எடத்துலயே நீங்க போட்டா அது எதுக்குங்க பறக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. புதன்கிழமை முழுக்க ஒன்றும் போடவில்லை. என் தலை தெரிந்தாலே குஞ்சு அண்ணாந்து வாயைத் திறந்தது. பாவமாக இருந்தது, அந்தப் பக்கமே போகாமல் ஒளிந்துகொண்டேன்.

வியாழன் காலை கூண்டுக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தபோது தாய் புறாவோடு வந்தது. கடைக்குட்டி தள்ளாடியது. கால் வழுக்கியது போல விழுந்தது. கூட்டாளி கண்ணை மூடிக்கொண்டான். பத்து மாடி கீழே போய்த்தான் சிறகு விரிந்தது. தட்டுத் தடுமாறி எதிர்க் கட்டடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தாய் புறாவை அதற்கு முன்னால் வைத்தது.

நாங்கள் இறங்கினோம். விளிம்பில் புறா இறகுகளுக்கு நடுவே நான் போட்ட கோழி எலும்புகள் கிடந்தன. பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தேன். மதியம் டப்பாவைத் திறந்தால் கோழித் துண்டு இருந்தது. பங்கு கேட்க ஆளில்லை.