பஸ்ஸில் தூங்கிய டாக்டர்

மனநல டாக்டருக்கு முக்கியமான கருவி நேரம்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரியில் என்னிடம் இல்லாததும் அதுதான். மதுரையிலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் பஸ்ஸில் வருவேன். சுற்றுவட்டாரம் முழுமைக்கும் நான் ஒருவன். நாலு பேர் வேலையை ஒற்றை ஆளாய்ச் சுமந்த வாசகர்களுக்கு என் பாடு புரியும்.

மூன்று கேள்வி

சித்தம் கலங்கியவர்களும், பிறவியிலேயே புத்தி வளர்ச்சி குன்றியவர்களும் ஒரே பெஞ்சில் காத்திருப்பார்கள். இரண்டாமவர்களிடம் நிதானமாகப் பேசிப் பார்க்க வேண்டும். யாருக்கு முடிந்தது? தோல் வியாபாரி காதர் பாய், குழந்தை மனசுள்ள தன் அண்ணனை அழைத்து வந்தார். மூன்று கேள்வி கேட்டு டானிக் எழுதி நீட்டினேன். சீட்டை வாங்காமலே நின்றார்.

"டாக்டர் சாப், எங்கண்ணனை நீங்க இன்னும் நிமிந்தே பாக்கலையே!"

கையெழுத்து

அகரத்து விவசாயி ராமசாமி, இருபது வயது மகள் செல்லத்தைக் கூட்டி வந்தார். அவளும் புத்தி வளர்ச்சி குன்றியவள், பேச்சு வராது. பத்து நாளாக அலறுகிறாளாம், அடிக்கிறாளாம். "பைத்தியம்னு எழுதிக் குடுங்கய்யா, மெட்ராஸ் ஆஸ்பத்திரில கொண்டுபோய் விட்டுர்றேன்" என்றபோது அவர் குரல் உடைந்தது. வெளியே பெஞ்ச் நிறைய ஆட்கள். சான்றிதழை எழுதிவிட்டேன், கையெழுத்துதான் பாக்கி.

நர்ஸ் மேரி குறுக்கே வந்தார். "சார், செத்த பொறுங்க. இந்தப் புள்ள கன்னத்துலேருந்து கையை எடுக்கவே மாட்டேங்குது."

வாயைத் திறந்து பார்த்தோம். கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஈறு சீழ் கட்டியிருந்தது. வலியைச் சொல்லத் தெரியாமல்தான் அலறியிருக்கிறாள். எழுதிய சான்றிதழைக் கிழித்துப் போட்டேன். அன்றே பல்லைப் பிடுங்கினார்கள். அடுத்த செவ்வாய் அவள் கொய்யாப்பழத்தைக் கடித்தபடி சிரித்துக்கொண்டு வந்தாள். ராமசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எம்மகளையே தொலைக்க இருந்தேங்கய்யா, ஒரு பல்லோட போச்சு!"

இரண்டாவது நாற்காலி

நடந்ததை, என் அவசரத்தையும் மறைக்காமல், மேலிடத்துக்கு எழுதினேன். பதில் வரும்வரை எழுதிக்கொண்டே இருந்தேன். ஒருவழியாக இன்னொரு டாக்டரைப் போட்டார்கள். செவ்வாய்க் கூட்டத்தை அவர் பார்த்துக்கொள்ள, புத்தி வளர்ச்சி குன்றியவர்களுக்கென்று எனக்கு வியாழக்கிழமை கிடைத்தது. முதல் வியாழன் வந்தது நாலே பேர். சிறுமலையிலிருந்து வந்த ஒரு பெண்ணிடமும் அவள் தாயிடமும் மட்டும் ஒரு மணி நேரம் பேசினேன். கதவைப் பூட்டக் காத்திருந்த பியூன் பொறுமையிழந்தார்.

"ஆளுக கம்மி, வெரசா முடிஞ்சிரும்னு பாத்தா, நீங்க எந்திரிக்கவே மாட்டேங்கிறீங்களே சார்!"

இரண்டு டாக்டர் ஆனபிறகும் நான் வீடு போய்ச் சேரும் நேரம் மாறவில்லை. ஆனால் திரும்பும் பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடும் அளவுக்கு முன்னேறியிருந்தேன்.