சாய்ந்துபோன சேலைக் கரை

தனப்பிரியாவுக்கு நடந்ததைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே எனக்கு ஆத்திரம் வரும். ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில், தறிக்காரர்கள் சேலை டிசைனைப் போனிலேயே வரைந்து பார்க்கும் செயலியை எழுதியவள் அவள்தான். வெண்ணந்தூர்க்காரி. அப்பா இன்னும் தறி ஓட்டுகிறார்.

சேலை மூலையில் மாங்காய் உருவத்தைச் சாய்த்துப் போட வேண்டுமென்றால் திரையில் தாளையே சாய்த்துத்தான் வரைய வேண்டும். சாய்ப்பதற்கு முன் இருக்கும் நிலையைச் சேமிக்க நிரலில் ஒரு வரி. வரைந்ததும் பழைய நிலைக்குத் திருப்ப ஒரு வரி. இரண்டாவதை விட்டால் அப்புறம் வரைவதெல்லாம் கோணல்தான். தனப்பிரியா இரண்டு வரியையும் முதலில் எழுதிவிட்டுத்தான் நடுவில் மற்றதை எழுதுவாள். பக்கத்து நாற்காலி மோகன்குமாருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். மத்தியானம் தன் சோற்றில் பாதியை டிபன் மூடியில் அவனுக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவாள். கம்ப்யூட்டரைப் பூட்டக்கூட மாட்டாள். கேட்டால், "அதான் மோகன் இருக்கறானல்ல" என்பாள்.

இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரம். அதை முடிவு செய்யும் நாளன்று, சாப்பாட்டுக்குப் பிறகு செயலியை வாங்க இருந்த தறிப்பட்டறை முதலாளி, சென்னிமலை என்பவர், வந்து உட்கார்ந்தார். தனப்பிரியா போனை நீட்டினாள். மாங்காய் சரியாக விழுந்தது. அதற்கப்புறம் கரை, பூ, முந்தானை எல்லாம் சரிந்துகொண்டே போயின.

"என்னுங்க அம்மணி, சேலை குடை சாஞ்சு கெடக்குது?" என்று சிரித்தார் அவர்.

"காலையில நல்லாத்தானுங்க இருந்துச்சு..." என்று தனப்பிரியா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நிரலை யார் எப்போது திருத்தினார்கள் என்ற பதிவை மேலாளர் சௌந்திரம் பார்த்தார். மத்தியானம் கடைசியாகத் திருத்தியது தனப்பிரியா என்றிருந்தது. அவள் கம்ப்யூட்டர், அவள் பெயர். வேறென்ன இருக்கும்?

"நான் பாக்கறேனுங்க மேடம்" என்று எழுந்தான் மோகன்குமார்.

ஆயிரக்கணக்கான வரிகள். பிசகைத் தேடிப்பிடிக்க எனக்கென்றால் அரைநாள் ஆகும். இந்தப் புண்ணியவான் நேராக ஓரிடத்துக்குப் போனான், விட்டுப்போன அந்த இரண்டாவது வரியைத் தட்டிச் சேர்த்தான், முடிந்தது. சேலை நிமிர்ந்தது.

"அட, பையன் கெட்டிக்காரனுங்க!" என்று சென்னிமலை தொடையைத் தட்டினார். சௌந்திரமும் தலையாட்டினார். வேலை யாருக்கென்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

கிளம்பும்போது தனப்பிரியா அவன் மேசை முன்னால் போய் நின்றாள்.

"நீ தேடவே இல்லியே, மோகன்?"

அந்தப் படுபாவி மத்தியானம் அவள் சோறு வைத்துக் கொடுத்த மூடியை, கழுவாமலே, அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.