குளிசை விழுங்கும்வரை

சட்டத்தரணியான என் கட்சிக்காரர்களில் எனக்கே கட்டளையிட்டவர் அந்தத் தாதி ஒருவர்தான். துறைமுகத்தடியில் உள்ள என் அலுவலகத்துக்கு வெள்ளைச் சீருடையோடே வந்திருந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. வார்டில் நிற்பதுபோல நின்றே கதைத்தார்.

நிலாவெளி மீனவர் ஒருவரின் கையில் வலிப்புக் குளிசையைக் கொடுத்துவிட்டு, அவர் விழுங்கியதாக ஒப்பமிட்டிருக்கிறார். மனிதர் அதைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டார். அன்றே வலிப்பு வந்தது. விசாரணைக்கு எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும்; தாதிப் பதிவே பறிபோகலாம்.

"வார்டில நீங்கள் தனிய நிண்டனீங்கள். கட்டிலெல்லாம் நிறைஞ்சு கிடந்தது. அதை எழுதுவம், மிஸ்" என்றேன்.

"ஓம், அது உண்மைதான் சேர். ஆனா அவர் விழுங்கினதை நான் பாக்கேல்லை. அதையும் எழுதுங்கோ."

"அதை நாங்களாச் சொல்லத் தேவையில்லை."

"சொல்லாம விட ஏலாது."

எனக்குத் தலையிடியே வந்துவிட்டது. மேசையில் இருந்த குளிசை ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். அவர் என் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"வாயைத் திறந்து காட்டுங்கோ, சேர்."

நீதிமன்றத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத நான் திறந்து காட்டினேன். நாக்கைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன்.

"சரி, இனி எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.