லெவீனின் கட்டைவிரல் நகம்

ஸ்கெல்ட் ஆற்றோர ஆலையில் லெவீன் ஹாமெலிங்குக்கு இருந்த பேரெல்லாம் அவருடைய கட்டைவிரல் நகத்தால் வந்தது. அங்கே எத்திலீன், ஸ்டைரீன் என்ற இரண்டு ரசாயனங்களை இணைத்துத் தரைவிரிப்புக்கான பிளாஸ்டிக் மணி செய்கிறார்கள். அதில் நகத்தை அழுத்தினால் விழும் குழி, சோம்பேறி எழுந்திருக்கிற மாதிரி மெதுவாகத்தான் மேலே வரும். ஸ்டைரீன் கூடினால் இன்னும் மெதுவாக. ஏழு எண்ணுவதற்குள் குழி மறைந்தால் சரக்கு சரி. ஆய்வகம் இரண்டு மணி நேரம் எடுத்துச் சொல்வதை இவர் காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

ஜனவரியில் ஒரு காலை, கடும் உறைபனி. எப்போதும் மணிகளை உள்ளே கொண்டுவந்து சூடேறவிட்டுப் பார்ப்பவர், அன்று அவசரத்தில் வெளியிலேயே நின்று அழுத்தினார். இருபது எண்ணியும் குழி எழவில்லை. ஸ்டைரீன் ஏறிவிட்டது என்று முடிவு கட்டி, யாரையும் கேட்காமல் அது உள்ளே வரும் அளவைக் குறைத்தார். ஆய்வக முடிவு வருவதற்குள் நான்கு டன் பாழ். ஸ்டைரீன் ஏறவே இல்லை. குளிரில் மணி விறைத்திருந்தது, அவ்வளவுதான்.

ஷிப்ட் பொறுப்பாளர் தானி பதிவேட்டை எடுத்தாள். "ஸ்டைரீன் பம்ப் மக்கர் பண்ணுச்சுன்னு எழுதிடறேன். அதுக்கு வாயா இருக்கு?"

"போன வாரம்தான் மெக்கானிக் ரூபென் அதைப் பிரிச்சு மாட்டினான். பழி அவன் தலைல விழும்."

"உண்மைய எழுதினா உங்கள சரக்கு மூட்டை கட்டுற வேலைக்குத் தள்ளிடுவாங்க. பென்ஷனுக்கு நாலே வருஷம். சும்மா இருங்க, லெவீன்."

அவர் பேனாவைப் பிடுங்கி நடந்ததைத் தானே எழுதினார். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது என்னவோ நிஜம்.

மதியம் மேலாளர் ஃபெர்ஹாகே அம்மாள் பதிவேட்டோடு வந்தார்.

"நகத்தை வெச்சா மாத்தினீங்க?"

"ஆமாங்க."

"இதான் முதல் தடவையா?"

ஒரு 'ஆமா' சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். காலையிலிருந்து உண்மை பேசிய வாய், நிற்கவில்லை.

"இல்லீங்க. பதினெட்டு வருஷமா."

அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்போ இத்தனை வருஷம் நாம அனுப்பின சரக்குல, ஆய்வகம் சொல்லி ஓட்டினது எது, நீங்களா ஓட்டினது எது?"

இவ்வளவு நாள் லெவீன் பெருமையடித்துக்கொண்ட ஒவ்வொரு காலையும் இப்போது கணக்குக் கேட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எனக்கும் தெரியாதுங்க," என்றார்.