காலை நீட்ட ஓர் இருக்கை

மலேசியாவின் புந்தோங்கில் பள்ளி வேன் ஓட்டும் சரளா எளிதில் குரல் உயர்த்தாதவள். நியூசிலாந்துக்குச் சுற்றிப்பார்க்கப் போன அவள் தம்பி தனேஸ்வரன் மலைப்பாதையில் வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டான். அறுவை சிகிச்சை முடிந்ததும் ஈப்போவிலிருந்த பயண ஏஜெண்டு, “அவன வீட்டுக்குக் கொண்டு வர தனி விமானந்தாங்கா ஒரே வழி, வீட்ட அடகு வெச்சிடுங்க லா” என்றான். அவளும் அழுதுகொண்டே பத்திரத்தைத் தேடி எடுத்தாள்.

அன்றைக்குத் தம்பி போனில், “நான் உக்காந்துதாங்கா சோறு சாப்புடுறேன். உக்காந்தே வரக் கூடாதா?” என்று கேட்டான்.

சரளா விமான நிறுவனத்தையே கூப்பிட்டாள். டாக்டர் கையெழுத்திட்ட பாரம், காலை நீட்டப் பக்கத்தில் இன்னோர் இருக்கை, சக்கர நாற்காலி, அவ்வளவு போதும் என்றாள் அங்கிருந்த பெண். “உங்க ஏஜெண்டுகிட்ட நேத்தே சொன்னோமே.”

சரளா வேனை நேராக அவன் கடைக்கு விட்டாள். “தெரிஞ்சே ஏன் மறைச்ச?”

“தனி விமானத்தையே விக்கணும்னு எங்க கம்பெனி சொன்னதத்தான் சொன்னேங்கா.”

“அழுதுக்கிட்டு வந்தவகிட்ட பொய் சொல்லச் சொல்லுச்சா கம்பெனி?” கடையிலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாரத்தை அவளே அனுப்பினாள், டிக்கெட்டையும் அவளே எடுத்தாள். அதற்கு ஒன்பதாம் நாள் வந்து இறங்கிய தம்பியை வேனின் பின் இருக்கையில் சாய்த்துக் கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து கிளம்பினாள்.

“அதான் வந்துட்டேன்ல, கொஞ்சம் சிரியேங்கா.”

“நீ வந்துட்ட. அந்த ஏஜெண்ட நெனச்சா இன்னும் ஆத்திரம் அடங்கல” என்றாள் சரளா.